மண்ணுக்குள் ஓடும் நீரை அளந்தவர்: ஹென்றி தார்சி

போர் போடும்போது வரும் நிபுணர்களும், மழைநீர் சேகரிப்புக்குத் திட்டம் போட்டுத் தரும் பொறியாளர்களும் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு விதிக்குச் சொந்தக்காரர் ஹென்றி தார்சி. பிரான்சில் திஜோன் என்ற ஊர்க்காரர். கல்லூரியில் சிவில் படித்த நம் குடியிருப்பு நண்பர்கள் பலருக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். தேர்வுக்கு மனப்பாடம் செய்த சூத்திரத்துக்குப் பின்னால் ஒரு ஊரின் தாகம் இருந்தது என்பது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அதனால் இந்த இதழில் அவரைப் பற்றி.

தார்சி பிறந்தது 1803 ஜூன் 10. அப்பா வரி வசூல் அலுவலர். ஹென்றிக்கு 14 வயதாகும்போது அவர் காலமாகிவிட்டார். இரண்டு மகன்களையும் படிக்க வைக்கும் பாரம் அம்மாவின் தலையில் விழுந்தது. வசதி குறைவு, ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. ஊர் நிர்வாகத்திடம் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து மூத்தவனைப் படிக்க வைத்தார். 1821இல் பாரிசின் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, பாலங்களுக்கும் சாலைகளுக்குமான அரசுப் பொறியியல் பள்ளி. படிப்பு முடிந்ததும் அரசு வேலை, அதுவும் சுற்றி வந்து சொந்த ஊரான திஜோனிலேயே. 1828இல் திருமணம். மனைவி ஹென்ரியெட் ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண்.

அன்றைய திஜோனில் தண்ணீர் நிலைமை மோசம். வீட்டுக் கிணறுகள் கழிவோடு கலந்து கெட்டுப்போயிருந்தன. ஊருக்குள் ஓடிய சூசோன் என்ற ஓடை, மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற நாட்களில் சாக்கடை. நமக்குக் கற்பனை செய்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத காட்சி. நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று நூற்றாண்டுக் கணக்கில் பேசினார்கள், திட்டம் போட்டார்கள், நடக்கவில்லை. 1830ஐ ஒட்டி ஊரின் ஒரு சதுக்கத்தில் ஆழ்துளைக் கிணறு ஒன்றும் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் வந்தது, ஊருக்குப் போதவில்லை.

அப்போதுதான் தார்சி வேறு பக்கம் பார்த்தார். ஊருக்கு வெளியே சுமார் 12 கிலோமீட்டரில் ரொசுவார் என்ற ஊற்று. அதன் நீர்வரத்தை அளந்தார். நிமிடத்துக்குச் சுமார் 8 ஆயிரம் லிட்டர். ஊற்று இருக்கும் இடம் ஊரைவிட உயரம். அப்படியானால் பம்பு எதற்கு, மூடிய கால்வாய் ஒன்று கட்டினால் தண்ணீர் தானாக இறங்கி வந்துவிடுமே என்று கணக்குப் போட்டு 1834இல் அறிக்கை கொடுத்தார். வேலை 1839இல் தொடங்கியது. 1840 செப்டம்பரில் ஊற்று நீர் திஜோனின் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு சம்ப் கட்டி முடிக்க நாம் எத்தனை பொதுக்குழு நடத்துகிறோம் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்த நான்கு ஆண்டுகளில் தெருவெங்கும் குழாய் பதித்து, ஏறத்தாழ நூறு மீட்டருக்கு ஒன்றாகப் பொதுக் குழாய்கள் வைத்தார்கள். ஏழை வீட்டுப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதற்குமேல் நடக்க வேண்டியதில்லை. இந்த வேலைக்காகத் தார்சிக்குச் சேர வேண்டிய கட்டணம் பெரிய தொகை. அதை அவர் வேண்டாம் என்றார். ஊர் அவருக்கு ஒரு தங்கப் பதக்கமும், வாழ்நாள் முழுவதும் வீட்டுக்கு இலவசத் தண்ணீரும் கொடுத்தது. அம்மாவுக்கு ஊர் செய்த உதவியை அவர் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாரிஸ் லியோன் ரயில் பாதையைத் திஜோன் வழியாகக் கொண்டுவந்ததிலும், அதற்காக பிளேசி என்ற இடத்தில் மலையைக் குடைந்து 4 கிலோமீட்டர் சுரங்கம் போடும் திட்டத்திலும் அவர் பங்கு பெரிது. ஊரே கொண்டாடிய மனிதர். 1848இல் ஆட்சி மாறியது. புதிய நிர்வாகத்துக்கு அவருடைய செல்வாக்கு பிடிக்கவில்லை, ஊரைவிட்டே மாற்றிவிட்டார்கள். தண்ணீர் கொண்டுவந்தவருக்கு இடமாற்ற உத்தரவு.

மாற்றப்பட்டுப் போன இடத்தில் அவர் கண்ட நிலம் ஒன்று முக்கியம். சொலோஞ் என்ற பகுதி. மேலே மணல், கீழே களிமண். மழை பெய்தால் மேல்மண் உடனே குடித்துவிடும், அடியில் களிமண் தடுத்துவிடும், தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி ஊரே சதுப்பாகிவிடும். காய்ச்சலுக்கும் வறுமைக்கும் பேர்போன இடம். மேலே பார்த்தால் மணல்தானே, தண்ணீர் இறங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு சொலோஞ் நல்ல பதில்.

சீக்கிரமே அவரைப் பாரிசுக்கு அழைத்து, நகரத்தின் தண்ணீருக்கும் சாலைகளுக்கும் பொறுப்பாளராக்கினார்கள். அங்கே குழாய்களில் நீர் ஓடுவதைச் சோதித்தார். புதுக் குழாய், பழைய குழாய், உள்ளே படிவு பிடித்த குழாய் என்று வகை வகையாக. குழாயின் அளவு மட்டுமல்ல, உட்பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்பதும் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று நிறுவினார். இருபது வருடப் பழைய ஜிஐ பைப்பில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏன் சொட்டுகிறது என்பதற்கான விளக்கம் அதில் இருக்கிறது. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1855இல் பணிப்பொறுப்புகளிலிருந்து விலகி, ஆராய்ச்சி மட்டும் செய்கிறேன் என்று திஜோனுக்குத் திரும்பினார். வயது 52.

அவரை இன்றுவரை நினைக்க வைக்கும் வேலையை அதற்குப் பிறகுதான் செய்தார்.

ஊர்த் தண்ணீரை மணல் வழியாக வடிகட்டுவது அப்போது இங்கிலாந்தில் பரவிக்கொண்டிருந்தது. வடிகட்டித் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், மணல் எவ்வளவு ஆழம் போட வேண்டும் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை, எல்லாம் குத்துமதிப்பு. 1855 அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் திஜோன் மருத்துவமனை வளாகத்தில், சார்ல் ரிட்டர் என்ற பொறியாளரின் துணையோடு ஒரு சோதனை நடந்தது. ஓர் இரும்புக் குழாயை நெட்டுக்குத்தாக நிறுத்தினார்கள். உள்விட்டம் 35 செ.மீ. உள்ளே சோன் ஆற்று மணல். மேலிருந்து மருத்துவமனைக் குழாய்த் தண்ணீர். மணலுக்கு மேலேயும் கீழேயும் அழுத்தத்தைப் பார்க்க பாதரச மானிகள். மருத்துவமனையில் யாராவது குழாயைத் திறந்து மூடினால் போதும், பாதரசம் ஊஞ்சலாடும். சராசரி எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். முதலில் அரை மீட்டரைவிடக் கொஞ்சம் அதிகமாக மணல், பிறகு இரு மடங்கு, பிறகு மூன்று மடங்கு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரிட்டர் இன்னும் சில அளவுகள் எடுத்தார்.

கிடைத்த விடை மிக எளிமையானது. மணலுக்கு மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் இரண்டு மடங்கானால் தண்ணீரும் இரண்டு மடங்கு இறங்கும். மணலின் ஆழம் இரண்டு மடங்கானால் பாதிதான் இறங்கும். பரப்பு கூடினால் அதே விகிதத்தில் கூடும். மிச்சம் இருப்பது ஒரே ஒரு எண். அது அந்த மணலின் குணம். மண்ணின் நீர்கடத்துதிறன் என்று இப்போது அதைச் சொல்கிறோம்.

விஷயமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. பருமணலில் அது நாளுக்குப் பத்து மீட்டர் கணக்கில் இருக்கும். நுண்மணலில் சில மீட்டர். வண்டலில் செ.மீ. கணக்கு. நல்ல களிமண்ணில் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பருமணலுக்கும் களிமண்ணுக்கும் இடையில் பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். 

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருக்கும் காலியிடத்தை அளந்தால், மணலைவிடக் களிமண்ணில்தான் அதிகம். மணலில் மூன்றில் ஒரு பங்கு காலி என்றால், களிமண்ணில் பாதிவரைகூட இருக்கலாம். நிறையத் தண்ணீர் பிடிக்கும், விட மாட்டேன் என்கும். காரணம், துளைகளின் அளவு. நீர் போகும் வேகம் ஏறக்குறைய மண்துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பின்னாளில் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் மணலை வைத்துக் காட்டினார். துகள் பத்தில் ஒரு பங்கானால் ஓட்டம் நூறில் ஒரு பங்கு.

நம் வளாகத்துக்கு இது எங்கே வருகிறது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம்மிடமும் குழிகள் இருக்கின்றன. சென்ற மழையில் ஒரு பிளாக்கின் குழி ஒரு மணி நேரத்தில் வற்றியது, இன்னொரு பிளாக்கில் மூன்று நாள் தேங்கி நின்று கொசு வந்தது. கட்டியவர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர், இந்த மண்ணுக்குச் சேகரிப்பே சரிப்படாது, மூடிவிடலாம் என்று சிலர். தார்சியின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு நல்ல மணல், அதன் எண் நாளுக்கு 10 மீட்டர் என்று கொள்வோம். அதன்மேல் மொட்டைமாடியிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் வந்த தூசி ஒரே ஒரு செ.மீ. படிந்திருக்கிறது. அதன் எண் நாளுக்கு ஒரு செ.மீ. ஆழத்தை எண்ணால் வகுத்தால் தடை கிடைக்கும். மணலின் தடை 0.1, தூசிப் படிவின் தடை 1. ஒரு மீட்டர் மணலைவிட ஒரு செ.மீ. வண்டல் பத்து மடங்கு தடுக்கிறது! அடியில் இன்னும் நாலு லாரி ஜல்லி கொட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. மேலே உள்ள அந்த மெல்லிய பாய்போன்ற படிவைச் சுரண்டி எடுத்தால்தான் மாறும். மேல்மண்ணை மாற்றிய பிறகும் தண்ணீர் நின்றால், அப்போது சொலோஞ் கதை. கீழே களிமண் அடுக்கு இருக்கிறது என்று பொருள்; அதைத் துளைத்து அடுத்த மணல் அடுக்குவரை இறங்கும் உறைகிணறு வேண்டும். குழியை மூடுவதா என்பது பற்றி அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்பு வரும் முன், ஐப்பசி மழைக்கு முன்பாகவே, குழிகளைத் திறந்து மேல்படிவை எடுத்துப் பார்த்துவிடுவது செலவில்லாத வேலை. குடம் தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தால் இன்னும் நல்லது. தார்சி செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

விதிக்கு எல்லைகளும் உண்டு. பெருஞ்சல்லிக்குள் நீர் வேகமாகப் பாயும்போது இது பொருந்தாது. முழுக்க நனையாத மண்ணுக்கும் அப்படியே பொருந்தாது. காய்ந்த மண்ணில் நுண்துளைகளின் உறிஞ்சலும் சேர்ந்துகொள்ளும்.

1856இல் திஜோன் நகரின் பொதுக் குழாய்களைப் பற்றித் தார்சியின் புத்தகம் வெளிவந்தது. 600 பக்கங்களுக்கு மேல், தனியே வரைபடத் தொகுப்பு. குழாய் பதிப்பது, செலவு, நிர்வாகம் என்று எல்லாம் அதில் உண்டு. உலகம் இன்று கொண்டாடும் மணல் சோதனை பின்னிணைப்பில் ஒரு குறிப்பாக ஒதுங்கிக் கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 1863இல் ழூல் துப்புய் கிணற்றுக்கு நீர் வந்து சேரும் கணக்கை எழுதினார். நிலத்தடி நீரியல் என்ற துறையே இவற்றின்மேல் நிற்கிறது. பெட்ரோலியக்காரர்கள் 1930களில் பாறையின் கடத்துதிறனுக்கு அவர் பெயரையே அலகாக வைத்துக்கொண்டார்கள்.

அவர் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. திறந்த கால்வாய்களில் நீரோட்டம் பற்றிய சோதனைகளைத் தொடங்கியிருந்தார். அவற்றை உதவியாளர் ஆன்ரி பசேன்தான் பிறகு முடித்தார். பாரிசுக்குப் போன இடத்தில் நுரையீரல் நோய் கண்டு 1858 ஜனவரி 3 அன்று தார்சி காலமானார். வயது 54. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நீர்த்தேக்கம் இருந்த சதுக்கத்துக்கு உடனே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அந்த நீர்த்தேக்கத்தின்மேல் பிறகு ஒரு பூங்கா அமைத்தார்கள். திஜோனுக்குப் போகிறவர்கள் அங்கே போவது வழக்கம். வாசலில் ஒரு பெரிய வெள்ளைக் கரடிச் சிலை இருக்கிறது, எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தார்சியின் தொட்டி புல்தரைக்கு அடியில் இருக்கிறது.