பத்தொன்பதரை நாள்

இலண்டன் மாநகரின் அறிவியல் அரும்பொருட்சாலையிலே பச்சை வண்ணச் சிறு ஆகாய விமானமொன்று தொங்குகின்றது. கொழும்பிலிருந்து பதினொரு மணி நேரம் பறந்து சென்ற அலுப்புத் தீருமுன்னரே அதன் கீழ் நின்றேன். மரத்தாலும் துணியாலும் ஆகிய அதன் மேல்மூடியில்லாத இருக்கையைக் கண்டதும், என் அலுப்பைக் குறித்து எனக்கே நாணமுண்டாயிற்று.

அவ்விமானத்தைத் தன்னந்தனியே டார்வின் வரை ஓட்டிச் சென்றவர் ஏமி ஜோன்சன். 1903இல் ஹல் துறைமுகத்து மீன் வணிகரொருவரின் மகளாய்ப் பிறந்தவர். பொருளியல் பயின்று, இலண்டனில் வழக்கறிஞர் காரியாலயமொன்றிற் பணிபுரிந்தவர். விமானப் பொறிவினைஞருக்கான சான்றிதழைப் பிரித்தானியப் பெண்களுள் முதன்முதலிற் பெற்றவரும் அவரே. அவர் துணிவைப் புகழ்வோர் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். எனக்கோ இதுவே பெரிதாகத் தோன்றுகின்றது. நடுவழியிற் பொறி பழுதுற்றால் வேறு யார் கைகொடுப்பார்?

இலண்டனுக்கும் டார்வினுக்கும் இடையே நேர்வழி ஏறக்குறைய 8,600 மைல். ஏமி பறந்ததோ 11,000 மைல். பெற்றோலுக்காக ஊரூராய் இறங்கவேண்டியிருந்தமையால் வழி வளைந்தது. மணிக்கு எண்பது மைல் எனக் கொண்டாலும் அது 140 மணி நேரத்துள் முடியவேண்டிய பயணம். எஞ்சிய நாட்களை விழுங்கியவை இரவும், புயலும், பழுதுமே.

1930 மே 5ஆந் திகதி குரொய்டனிலிருந்து புறப்பட்டார். அதற்குமுன் அவர் தனியே பறந்த மிக நீண்ட வழி இலண்டனிலிருந்து ஹல் வரைதான்! பக்தாத்தை அணுகுகையில் மணற்புயல் அவரைப் பாலைவனத்தில் இறக்கிற்று. சக்கரங்களுக்குப் பெட்டிகளை அணைகொடுத்து, கைத்துப்பாக்கியுடன் காத்திருந்தார். கராச்சியை ஆறு நாளில் அடைந்தார். 1928இல் பதினைந்தரை நாளில் அவுஸ்திரேலியா சேர்ந்த ஹிங்க்ளரை இரண்டு நாளால் முந்தியிருந்தார். அந்தச் சாதனையை முறியடிப்பதே அவர் நோக்கம்.

இரங்கூனில் அது நழுவிற்று. மழைக்கிடையே விளையாட்டுத் திடலொன்றில் இறங்கிய விமானம் பள்ளத்திற் சாய்ந்து, சுழலியும் இறக்கையும் சிதைந்தன. அவ்விடத்துத் தொழினுட்பக் கல்லூரியார் செப்பனிட உதவினர். ஆயினும் நாட்கள் போயின. யாவாவிலோ மூங்கில் முளைகள் இறக்கையைக் கிழிக்க, புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் ஓட்டைகளை அடைத்தார். திமோர்க் கடலைத் தாண்டி மே 24ஆந் திகதி டார்வினில் இறங்கியபோது பத்தொன்பதரை நாள் ஆகியிருந்தது. எண்ணி வந்தது கைகூடவில்லை. எனினும் அவ்வழியைத் தனியே கடந்த முதற் பெண் என்று உலகம் கொண்டாடிற்று. பின்னர் தோக்கியோவும் கேப் டவுனும் அவர் வழியில் வந்தன. மணமும் மணமுறிவும் வந்தன.

2018 முதல் இலண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு எங்கும் இறங்காமல் ஏறத்தாழப் பதினேழு மணியிற் செல்கின்றனர். ஏமியின் இறுதிப் பயணமோ, இங்கிலாந்துக்குள்ளேயே ஒரு மணி நேரத்தில் முடியவேண்டியது. 1941 சனவரி 5ஆந் திகதி, போர்க்காலப் பணியாகப் பிளக்பூலிலிருந்து ஒக்ஸ்போட்டுக்கு அருகே விமானமொன்றைக் கொண்டுசென்றார். வானம் மூடியிருந்தது. நான்கரை மணி நேரங் கழித்து, வழியைவிட்டு நூறு மைல் விலகி, தேம்சு கழிமுகத்துக் குளிர்நீரில் வீழ்ந்தார். காப்பாற்றக் குதித்த கடற்படை அதிகாரி உவோல்டர் பிளெச்சரும் உயிரிழந்தார். ஏமியின் பைகள் அலைகளில் மிதந்துவந்து அகப்பட்டன, உடல் அகப்படவேயில்லை.