கணிதப் புலவர் இராமாநுஜனும் பகா எண்களும்

ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களினின்றும் நாடோறும் புகைவண்டியேறிக் கல்லூரிக்கு வரும் யாம், தேர்வில் ஒரு பாடம் தவறினும் வாழ்வே தவறியதெனக் கலங்குகின்றோம். அங்ஙனம் மீண்டும் மீண்டும் தவறிய ஒருவர், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதி, பின்னர் உலகறிந்த கணிதப் புலவராயினார். அவரே சீநிவாச இராமாநுஜன்.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே உள்ளம் ஆழ்ந்தமையால் ஏனைய பாடங்களில் தோல்வியுற்று, கல்லூரி உதவிச் சம்பளத்தையும் இழந்தார். 1912-இல் துறைமுக அலுவலகம் புகுந்தார்.

பன்னிரண்டு புளியங்கொட்டைகளை நந்நான்காக மூன்று வரிசையில் வைக்கலாம். பதின்மூன்றையோ ஒரே வரிசையிலன்றி ஒப்ப வைத்தல் இயலாது. இத்தகைய எண்ணே பகா எண். ஓர் எல்லைக்குள் பகா எண்கள் எத்துணை உள எனக் கணிக்கும் வாய்பாடொன்றைக் கண்டதாக இராமாநுஜன் 1913-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாய்பாடு உண்மைக்கு மிக அணுகியதே. ஆயினும், அதன் பிழை பொருட்படுத்தற்குரியதன்று என அவர் நம்பியது தவறாயிற்று.

இதனால் அவர் எண்களைக் கைவிட்டாரல்லர். 1914-இல் கப்பலேறி இங்கிலாந்து சென்று, கண்டதை ஐயமற நிறுவும் முறையைப் பயின்றார். இரண்டு முதலிய எவ்வெண்ணுக்கும் அதன் இருமடங்கிற்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டென்பதைச் செபிஷேவ் முன்னரே நிறுவியிருந்தார். அதனையே இராமாநுஜன் 1919-இல் இரண்டே பக்கங்களில் புதுவழியால் நிறுவினார்.

1916-இல், டௌ என்னும் கிரேக்க எழுத்தாற் குறிக்கப்படும் எண்வரிசையை ஆராய்ந்து, அதன் இயல்புகள் மூன்றனை நிறுவாமலே ஊகித்துரைத்தார். அவ்வரிசையின் இரண்டாம் எண் குறை 24, மூன்றாவது 252, ஆறாவதோ அவ்விரண்டின் பெருக்கமாகிய குறை 6,048. பொதுக் காரணியில்லா ஈரெண்களைப் பெருக்கிவரும் இடந்தோறும் இங்ஙனமே அமையும் என்பது முதல் ஊகம். முதலிரண்டு ஊகங்களை 1917-இல் மார்டெல் நிறுவினார். மூன்றாவது 1974-இல் டெலீன் என்பவரால் நிறுவப்பெற்றது.

இவ்வரிசையில், குறையென்னும் குறியை நீக்கி நோக்கின், முதற்கண் தோன்றும் பகா எண் 63,001-ஆம் இடத்தது. அவ்விடம் 251 என்னும் பகா எண்ணின் வர்க்கமாகும். இருபத்தாறு இலக்கமுடைய அவ்வெண் 80561663527802406257321747. இதனை 1965-இல் லெமர் கண்டறிந்தார்.

இராமாநுஜன் அதனைக் காண இருந்தாரல்லர். 1918-இல் இராயல் சங்க உறுப்பினராகி, மறுவருடம் நோயுடன் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டு வயதில் உயிர்நீத்தார். பிழைத்த வாய்பாடும் நிலைத்த ஊகமும் ஒரே உள்ளத்தில் பிறந்தவை. முன்னதற்கு நாணிப் பேனாவைக் கீழே வைத்திருப்பின் பின்னது நமக்குக் கிட்டியிராது. தேர்வுத் தாளைக் கண்டு கலங்கும் மாணவராகிய யாம் இதனை மறவாதிருப்போமாக.