வள்ளலாரும் காதணியும்

நம் நாட்டுக் குடியானவர் இல்லங்களில் பொன்னென்பது பெரும்பாலும் செவியிலேயே குடியிருந்தது. நிலமும் மாடும் போக எஞ்சிய சேமிப்பைத் தோடாகவும் கொப்பாகவும் முருகாகவும் செய்து பெண்மக்கள் அணிந்தனர். தென்பாண்டி நாட்டில் பாம்படமும் தண்டட்டியும் பூணும் பொருட்டுச் சிறுமியர் செவியைத் துளைத்து, பஞ்சும் ஓலைச்சுருளும் இட்டு, பின்னர்க் குணுக்கின் பாரத்தால் தோள் தொட வளர்த்தனர். ஆடவருக்குக் கடுக்கனில்லாச் செவி குறையெனக் கருதப்பட்டது. தில்லைக் கூத்தப்பெருமானும் வலச்செவியிற் குழையும் இடச்செவியில் தோடும் உடையவர். அத்தில்லையில் ஈடுபட்ட அடியவர் ஒருவரே காது குத்தும் வழக்கத்தை மறுத்தாரெனின், அதன் காரணம் நாம் சிந்தித்தற்குரியதன்றோ? அவரே வடலூர் இராமலிங்க அடிகள்.

அடிகள் 1823 அக்டோபர் 5ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில், ஊர்க்கணக்கராகிய இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகக் கருணீகர் மரபில் தோன்றினார். கைக்குழந்தையாயிருந்தபோதே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார்.

அவரைப்பற்றி ஒரு செய்தி வழிவழியாக வழங்குகிறது. அடிகள் துயின்றுகொண்டிருக்கையில் கள்வனொருவன் அவர்தம் ஒரு செவியின் கடுக்கனைக் கழற்றினான். அடிகள் விழித்தும் கூவாது, மற்றைக் கடுக்கனையும் அவன் எளிதிற் கழற்றிக்கொள்ளும்படி மறுபுறம் திரும்பிப் படுத்தாராம். பொன்னை இழந்த வருத்தத்தினும் அவனுடைய வறுமையே அவருள்ளத்திற் பெரிதாய்ப் பட்டது போலும்.

1858ஆம் ஆண்டளவில் சென்னையை நீங்கிச் சிதம்பரம் வந்து, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் பல்லாண்டு தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். பின்னர் 1867 மே 23ஆம் நாள், பார்வதிபுரத்தார் உதவிய நிலத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் பசித்தவர்க்குச் சோறு சமைத்து வருகிறது.

காது குத்துதல், மூக்குக் குத்துதல் பற்றி அடிகள் தம்மைச் சார்ந்தவர்க்கு உபதேசித்தது மிக எளிது. கடவுளுக்கு அது சம்மதமாயின் அவரே துளையிட்டு அனுப்பியிருப்பார் என்பதும், ஆசையற்றவர்க்குச் செவியில் பொன்னிழை இடும் எண்ணம் எழாது என்பதும் அவர் கருத்து. கலியாணம் முதலிய விசேஷங்களில் ஆடம்பரத்தைப் பெரிதாக எண்ணாமல், தம் தரத்திற்கேற்ப ஏழைகளின் பசியை ஆற்றவேண்டுமென்றும் வற்புறுத்தினார்.

ஆயின், பஞ்சத்திற் கைகொடுப்பது நகையன்றோ என்று நம் இல்லத்துப் பெரியோர் கேட்பர். அது நியாயமே. அடிகள் 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்து, 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறை புகுந்தார். அதன்பின் இரண்டாண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் மூண்டது. நகையுடையோர் அதனை விற்று உண்டனர். செவியிலும் கழுத்திலும் ஒன்றுமில்லாதோரோ கஞ்சித் தொட்டியையே நாடி நின்றனர். நகை அதனை உடையவரை மட்டுமே காக்கும். அடுப்பு இல்லாதவரையும் காக்கும். இவ்வேற்றுமையை அடிகள் முன்னரே உணர்ந்திருந்தார்.

சாதி வேற்றுமையையே விலக்கிய அப்பெருமானை நம்மவரென்று பெருமையுடன் கூறிக்கொள்கிறோம். அவர் பிறந்த மரபைச் சொல்வது எளிது. அவர் சொல்லை நம் வீட்டு விசேஷத்தில் மேற்கொள்வது அரிது. தாய்மாமன் கடன் வாங்கிச் சீர் கொணரும் காதணி விழாக்கள் இன்றும் நம்மிடையே நிகழ்கின்றன. வழக்கத்தை முற்றிலும் விட இயலாதவர், குழந்தையின் செவிக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையேனும் பசித்தவர் வயிற்றுக்கு ஒதுக்குவாராக. அந்த அளவிலேனும் அவரை நம்மவரென்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும்.