அசைவில் ஒலி கண்ட ஹியூஸ்

வால்வு ஒலிபெருக்கியைத் தட்டின், உள்ளிருக்கும் நுண்கம்பிகள் அதிர்ந்து மின்னோட்டத்தை அசைக்க, மணியோசை எழக் கேட்கிறோம். அசைவு மின்னோட்டத்தை மாற்றும் இவ்வியல்பை 1878-இல் மூன்று ஆணிகளைத் தளர அடுக்கி விளக்கியவர் டேவிட் எட்வர்டு ஹியூஸ் (1831–1900). முன்னர் அமெரிக்காவில் இசைப் பேராசிரியராயிருந்து, 1855-இல் அச்சுத் தந்திப்பொறி கண்ட இவர், தம் மைக்ரோபோனுக்குக் காப்புரிமை கொள்ளாது உலகிற்கு ஈந்தார். 1879-இல் தளர்ந்த இணைப்பொன்றைக் கொண்டு, இலண்டன் தெருவில் ஏறக்குறைய 500 கஜ தூரம்வரை, கம்பியின்றியே மின்பொறியின் ஓசையைக் கேட்டார். 1880-இல் இராயல் கழக அறிஞர் அதனை வெறும் மின்தூண்டலென்றனர். அவரும் மனந்தளர்ந்து வெளியிடாதொழிந்தார். 1888-இல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை மெய்ப்பித்துப் புகழெய்தினார். 1899-இல் உண்மை வெளிவந்தபோதும் ஹெர்ட்ஸின் சோதனையே உறுதியுடையதென ஹியூஸ் ஒப்பினார்; பெருஞ்செல்வத்தை இலண்டன் மருத்துவமனைகளுக்கு ஈந்து மறைந்தார். அவர்தம் பணிவைப் போற்றுவோம். எனினும், பெரியோர் மறுப்பினும் கண்டதை எழுதிவைத்தல் மாணவராகிய நம் கடன்.