சலீம் அலி

சலீம் அலி (நவம்பர் 12, 1896 – ஜூன் 20, 1987) இந்தியப் பறவையியல் அறிஞர் ஆவார். இவரது முழுப்பெயர் சலீம் மொய்சுதீன் அப்துல் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என அழைக்கப்படுகிறார். காட்டுப் பறவைகளுடன், கடற்கரைகளிலும் உவர்நிலங்களிலும் கூடும் வலசைப் பறவைகளையும் ஆராய்ந்தார்.

இளமை

மும்பையில் பிறந்த இவர், பெற்றோரை இழந்து தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததால், பெயரறிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றார். கழகத்தின் செயலாளர் மில்லார்டு அதனை அடையாளம் கண்டு, அங்கிருந்த பறவைத் தொகுப்பையும் காட்டினார். இதுவே இவரது பறவை ஆர்வத்தின் தொடக்கமாகும்.

ஆய்வுகள்

பெர்லினில் எர்வின் சுட்ரெசுமான் என்பவரிடம் பயிற்சி பெற்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் பறவையியலாளர் பணி கிட்டவில்லை. அக்காலத்தில், 1930-இல், மும்பைக்கு அருகிலுள்ள கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தார். இவ்வாய்வு இவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுத்தார். பயணங்களில் உடன் வந்த மனைவி தெகிமினா 1939-இல் காலமானார். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய இவரது கையேடு வெளியானது.

கடலோரப் பறவைகள்

1945-இல் கட்ச் உவர்நிலத்தில் பூநாரைகள் பெருங்கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும் இடத்தை ஆராய்ந்தார். 1962-இல் தமிழ்நாட்டின் கோடியக்கரையைப் பாதுகாக்கத் தக்க பகுதியாக இனங்கண்டார். அது 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மும்பைக் கழகம் இவரது வழிகாட்டலில் பறவைகளுக்கு வளையமிடும் பணியை மேற்கொண்டது. கோடியக்கரை அதன் முக்கிய களங்களுள் ஒன்றாயிற்று. வலையில் பிடித்த பறவையை அளந்து, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிடுவர். அது வேறிடத்தில் அகப்பட்டால், அந்த எண்ணைக் கொண்டு அது வந்த இடத்தை அறியலாம். கோடியக்கரைச் சேற்றில் இரைதேடும் உள்ளான்களுள் பல, கோடையில் சைபீரியாவில் கூடுகட்டுபவை. எனவே சதுப்பு நிலம் அழிந்தால் தொலைநாட்டுப் பறவையினமும் குறையும். இவ்வுண்மையை இத்தகைய ஆய்வுகள் உணர்த்தின.

சிறப்புகள்

1958-இல் பத்ம பூசண், 1976-இல் பத்ம விபூசண் விருதுகள் பெற்றார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1990-இல் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள ஆனைகட்டியில் இவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. கோடியக்கரை 2002-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.