குஞ்சு பொரிக்க எத்தனை டிகிரி? கோழியின் சூட்டை அளந்த ரெயோமூரின் கதை

ஒரு தெர்மக்கோல் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, சின்ன ஃபேன், வெளியே 37.5 என்று காட்டும் மீட்டர். வீட்டிலேயே நாட்டுக்கோழி முட்டையைப் பொரிக்க வைக்கும் பலரிடம் இருக்கும் இன்குபேட்டர் இவ்வளவுதான். 21 நாள் அந்த எண் ரொம்ப நகராமல் இருந்தால் குஞ்சு. நகர்ந்தால் பெரும்பாலும் கூமுட்டை.

இந்த எண் தெரியாத காலத்திலேயே, அடைக்கோழியும் இல்லாமல், மனிதர்கள் குஞ்சு பொரித்திருக்கிறார்கள். எகிப்தில் அது 2,000 ஆண்டுகளுக்கும் பழைய தொழில். ஆனால் அந்தச் சூடு தொழிலாளியின் கையில்தான் இருந்தது, எழுத்தில் இல்லை. அதை வெப்பமானியால் அளந்து, யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துபார்க்கலாம் என்று புத்தகமாகவே போட்டவர் 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு விஞ்ஞானி ரெனே அந்துவான் ஃபெர்ஷோ தெ ரெயோமூர். எண் கிடைத்தது. குஞ்சும் பொரிந்தது. ஆனாலும் அவரது முறை வீட்டுக்கு வீடு போய்ச் சேரவில்லை. ஏன்?

யார் இந்த ரெயோமூர்?

1683 பிப்ரவரி 28 அன்று பிரான்ஸின் மேற்குக் கடற்கரை ஊரான லா ரோஷெலில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். குடும்பத்தில் வசதிக்குக் குறைவில்லை. முதலில் சட்டம் படித்தார். 1703இல் பாரிஸுக்கு வந்தார். கணிதத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்து, 1708இல் அறிவியல் அகாடமியில் இடம் பிடித்தபோது வயது சுமார் 25தான்.

அதன்பிறகு அவர் கைவைக்காத துறையே இல்லை எனலாம். சிலந்தி நூலில் பட்டு நெய்ய முடியுமா என்று ஆராய்ந்தார். ஒன்றாக அடைத்து வைத்தால் சிலந்திகள் ஒன்றையொன்று தின்றுவிடும், கட்டுப்படியாகாது என்று முடிவு சொன்னார். குளவிகள் மரநாரை மென்று காகிதம் போலக் கூடு கட்டுவதைப் பார்த்து, கந்தல் துணி இல்லாமல் மரத்திலிருந்தே காகிதம் செய்யலாமே என்று 1719இல் சுட்டிக்காட்டினார். பூச்சிகளைப் பற்றி 1734 முதல் 1742 வரை ஆறு பெரிய தொகுதிகள் எழுதினார்.

அவரது குணத்தைக் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. எஃகு செய்வது அந்தக் காலத்தில் பட்டறைக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம். ரெயோமூர் தானே சோதனை செய்து, 1722இல் அதைப் புத்தகமாக வெளியிட்டுவிட்டார். அரசு அவருக்கு ஆண்டுக்கு 12,000 லிவ்ர் மானியம் அறிவித்தது. அந்தப் பணம் தன் காலத்துக்குப் பிறகு அகாடமிக்கே போய்ச் சேர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். தொழில் ரகசியம் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்ற இந்த எண்ணம்தான் பின்னாளில் அவரைக் கோழிமுட்டையிடம் கொண்டுவந்தது.

80 பாகை வெப்பமானி

ரெயோமூரின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது வெப்பமானியால்தான். 1730இல் அவர் ஆல்கஹாலை வைத்து ஒரு வெப்பமானி செய்தார். தண்ணீர் உறையும் நிலையை 0 என்று வைத்தார். உறைநிலையில் 1,000 பங்காக இருக்கும் ஆல்கஹால் கலவை, தண்ணீரின் கொதிநிலையில் 1,080 பங்காக விரியும் என்பது அவர் கணக்கு. கொதிநிலைக்கு 80 என்ற எண் வந்தது இப்படித்தான். ஐரோப்பாவின் பல நாடுகளில் 19ஆம் நூற்றாண்டு வரை இந்த அளவுகோல் புழக்கத்தில் இருந்தது.

இதில் முக்கியமான விஷயம், ஒப்பிட முடிவது. பாரிஸில் ஒருவர் 20 என்று எழுதினால், வேறு ஊரில் அதே மாதிரி வெப்பமானி வைத்திருப்பவருக்கும் அது என்ன சூடு என்று தெரியும். அதுவரை 'இளஞ்சூடு', 'நல்ல சூடு' என்று சொல்லிக்கொண்டிருந்ததை இனி எண்ணாக எழுதி அனுப்பலாம்.

எகிப்தின் முட்டை அடுப்புகள்

எகிப்தின் குஞ்சு பொரிக்கும் அடுப்புகள் பற்றிப் பழைய கிரேக்க நூல்களிலேயே குறிப்பு உண்டு. ரெயோமூர் காலத்தில் நைல் டெல்டாவில் உள்ள பெர்மா என்ற ஊர்க்காரர்கள் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள். அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் வித்தை அது. வெளியாருக்குச் சொல்லித்தர மாட்டார்கள். எகிப்தில் இருந்த பிரெஞ்சுத் தூதரக அதிகாரிகள், பயணிகள் வழியாக ரெயோமூர் தகவல் திரட்டினார்.

அடுப்பு என்றால் நம்ம வீட்டு அடுப்பு மாதிரி இல்லை. நடுவில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் இரண்டடுக்கு அறைகள். கீழ் அறையில் ஆயிரக்கணக்கில் முட்டைகள். மேல் அறையில் வைக்கோல் கலந்த வறட்டி மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கும். சில நாட்களுக்குப் பிறகு தீயை நிறுத்திவிடுவார்கள். உள்ளே தங்கிய வெப்பமும், வளரும் கரு தானே வெளிவிடும் வெப்பமும் மீதிக் காலத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஒப்பந்தமும் சுவாரசியமானது. 45,000 முட்டை வாங்கினால் 30,000 குஞ்சு திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் பொரித்தது அடுப்புக்காரருக்கு லாபம். வெப்பமானியே இல்லாமல், மூன்றில் இரண்டு பங்கு நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கும் அளவுக்குக் கைப்பழக்கம். எகிப்து பெருமைப்பட வேண்டியது பிரமிடுகளைவிட இந்த அடுப்புகளைப் பார்த்துத்தான் என்று ரெயோமூர் கருதினார்.

பெர்மா ஊர்க்காரரின் பல வருடப் பழக்கத்துக்குப் பதிலாக ஒரு வெப்பமானியைக் கொடுத்தால், பிரான்ஸில் ஒரு தோட்டக்காரரும் இதைச் செய்துவிடலாமே என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

பீப்பாயும் குதிரை லத்தியும்

முதலில் அடைக்கோழியின் அடியிலேயே வெப்பமானியை வைத்துப் பார்த்தார். அவரது அளவுகோலில் சுமார் 32 காட்டியது. (இதை அப்படியே செல்சியஸுக்கு மாற்றிப் பார்த்தால் 40 வரும். ஆனால் அவரது ஆல்கஹால் வெப்பமானி, பின்னாளில் தரப்படுத்தப்பட்ட பாதரச அளவுகோலோடு சரியாகப் பொருந்தாது. ஆகவே இந்த எண்ணை உங்கள் இன்குபேட்டரில் போட்டுவிடாதீர்கள்.)

அடுத்து, செலவில்லாத சூடு வேண்டும். எகிப்தைப் போலப் பெரிய அடுப்பு கட்ட பிரான்ஸில் எல்லோராலும் முடியாது. அங்கே தோட்டக்காரர்கள் குதிரை லத்தியைக் குவித்து, அது மக்கும்போது வரும் சூட்டில் குளிர்காலத்திலும் செடி வளர்ப்பார்கள். அந்தச் சூட்டையே பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தார்.

முதல் சோதனைகள் தோல்வி. வெப்பமானி சரியான எண்ணைத்தான் காட்டியது. கருவும் சில நாள் வளர்ந்தது. பிறகு செத்துப்போனது. எண் சரி, குஞ்சு மட்டும் வரவில்லை.

காரணத்தைத் தேடிப் போனபோது அகப்பட்டது ஈரம். லத்தியிலிருந்து கிளம்பும் ஆவி முட்டை மேல் படிந்துகொண்டிருந்தது. பிறகு மரப்பீப்பாயை லத்திக் குவியலுக்குள் புதைத்து, ஆவி உள்ளே வராதபடி அடைத்து, கூடைகளில் முட்டையை அடுக்கி இறக்கினார். மூடியில் துளைகள், அவற்றுக்குத் தக்கைகள். சூடு ஏறினால் தக்கையைத் திறக்கலாம், குறைந்தால் மூடலாம். சுற்றியுள்ள லத்தி ஆறிப்போனால் புதிதாகப் போட வேண்டும். இந்த முறை குஞ்சுகள் பொரிந்தன. லத்தி மட்டுமல்ல, ரொட்டி அடுப்பிலிருந்து வீணாகப் போகும் சூட்டையும் அவர் பயன்படுத்திப் பார்த்தார்.

ஈரம் ஏன் கருவைக் கொல்கிறது? இன்று நமக்குத் தெரியும். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கரு அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. 21 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்றறை பெரிதாகும். கடைசி நாட்களில் குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்தக் காற்றறையில்தான். சுற்றிலும் ஈரம் மிஞ்சினால் நீர் வெளியேறாது. காற்றறை சிறுத்துவிடும்.

வெண்ணெய் வெப்பமானி

வெப்பமானி வாங்க எல்லோரிடமும் காசு இருக்குமா? இந்தக் கேள்வியை ரெயோமூர் விடவில்லை. வெண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் கலந்து ஒரு சின்னக் குப்பியில் போட்டு முட்டைகளோடு வைக்கச் சொன்னார். கலவை கெட்டியாக இருந்தால் சூடு பத்தாது. எண்ணெய் போல ஓடினால் சூடு அதிகம். பாகு மாதிரி மெதுவாக நகர்ந்தால் சரி. பண்ணை வீட்டுச் சமையலறையிலேயே கிடைக்கும் பொருளில் ஒரு வெப்பமானி!

பொரிந்த குஞ்சுக்கும் ஒரு வழி செய்தார். தாய்க்கோழி இல்லாத குஞ்சு குளிரில் செத்துவிடும். ஆகவே உட்புறம் கம்பளியோடு கூடிய ஆட்டுத்தோல் வைத்த, கூரை சரிந்த பெட்டி ஒன்றை அமைத்தார். எந்த உயரத்துக் குஞ்சும் தன் முதுகில் கம்பளி படும் இடத்தைத் தேடி நின்றுகொள்ளலாம். அதற்கு அவர் வைத்த பெயர் 'செயற்கைத் தாய்'. இன்றைய புரூடரின் மூதாதை என்று இதைச் சொல்லலாம்.

இத்தனையையும், தோல்விகள் உட்பட, 1749இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது.

அப்புறம் ஏன் பரவவில்லை?

வெப்பமானி சூட்டைச் சொல்லும். சரிசெய்யாது. லத்தியின் சூடு மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. நடுராத்திரி குளிர் அடித்தால் யாராவது எழுந்து போய்த் தக்கையை மூட வேண்டும். மூன்று வாரம் இப்படி விழித்திருக்க வேண்டும். பெர்மாவில் அந்த விழிப்பே ஒருவரின் முழுநேரத் தொழில். பிரெஞ்சுப் பண்ணையில் அது பத்தோடு பதினொன்றாவது வேலை. அங்கே அடைக்கோழி சம்பளம் கேட்காமல் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேவைப்பட்டது, சூட்டைத் தானே உணர்ந்து தானே திருத்தும் கருவி. தெர்மோஸ்டாட். ரெயோமூர் இறந்து சுமார் 20 ஆண்டுக்குப் பிறகு, 1777 வாக்கில் பொன்மேன் என்ற பிரெஞ்சுக்காரர் வெந்நீர்க் குழாயோடு இன்குபேட்டருக்கு ஒரு தானியங்கிக் கட்டுப்பாட்டைச் செய்தார். 1881இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஹியர்சன், சூடானால் விரியும் திரவம் அடைத்த சின்ன உலோக உறையை வைத்து விளக்கின் சூட்டைக் கட்டுப்படுத்தினார். வீட்டு இன்குபேட்டர் நம்பகமான பொருளானது அதன்பிறகுதான்.

ரெயோமூர் 1757 அக்டோபர் 17 அன்று, தனது கிராமத்து மாளிகையில் தங்கியிருந்தபோது குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் இறந்தார். வயது 74. திருமணம் செய்துகொள்ளவில்லை. 138 கட்டுக் கையெழுத்துப் பிரதிகளை அகாடமிக்கு விட்டுச் சென்றார்.

இன்றைக்கு இன்குபேட்டர் வைப்பவர்களுக்கு

ரெயோமூர் பட்ட பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கிறது.

* சூடு: ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் சுமார் ஒரு டிகிரி கூடுதலாக வைப்பார்கள்.
* ஈரப்பதம்: முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம். கடைசி மூன்று நாள் 65 முதல் 70. ஓட்டை உடைத்து வரும்போது உள்சவ்வு காய்ந்து குஞ்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்றம்.
* திருப்புதல்: 18ஆம் நாள் வரை தினமும் குறைந்தது மூன்று முறை. இல்லாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிவிடும்.
* காற்று: துளைகளை அடைக்கக் கூடாது. கரு வளர வளர அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும்.

மீட்டரில் 37.5 காட்டியும் முட்டை பொரியவில்லை என்றால், ரெயோமூருக்கு வந்த அதே சந்தேகம் உங்களுக்கும் வரட்டும். ஈரத்தைப் பாருங்கள், காற்றைப் பாருங்கள். மீட்டரையே இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்று சூட்டை அளப்பதும் திருத்துவதும் ஒரே சின்ன சர்க்யூட்டின் வேலை. ஆனால் ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய்விட்டால், அந்தப் பெட்டியும் வெறும் பீப்பாய்தான். எழுந்து போய்ப் போர்வையைச் சுற்ற ஓர் ஆள் வேண்டும்.