சோக்கிரதீசர் விடைபெற்ற வரலாறு

யவன தேசத்து அதென்சு மாநகரிலே கி.மு. 470ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் சோக்கிரதீசர். தந்தையார் கற்றொழிலினர், தாயார் மருத்துவிச்சி. பிள்ளையைப் பெறுபவள் தாய், மருத்துவிச்சி துணைநிற்பவளே. அவ்வாறே பிறர் உள்ளத்திற் கருக்கொண்ட எண்ணம் வெளிவருதற்குத் தாம் துணைநிற்பவரேயன்றி அறிவைப் புகட்டுபவரல்லர் என்பது அவர் கொள்கை. நூலொன்றும் எழுதினாரல்லர், வேதனம் பெற்றுக் கற்பித்தாருமல்லர். சந்தையில் எதிர்ப்பட்டாரை வினாவி, அவர் அறிந்ததாக எண்ணியிருப்பதை உண்மையில் அறிந்திலர் என்பதை அவர்க்கே புலப்படுத்துவர். இதனால் நண்பரும் பெருகினர், பகைவரும் பெருகினர்.

கி.மு. 399இல், எழுபது வயதளவில், நகரத்தார் வணங்கும் தேவரை மதியாமை, இளைஞரைக் கெடுத்தல் என்னுங் குற்றங்கள் சாட்டப்பெற்று, ஏறக்குறைய 500 பேர் கொண்ட மன்றத்தாரால் மரணதண்டனை விதிக்கப்பட்டார். அம்மன்றத்தாரிடம் அவர் விடைபெற்ற முறை கருதத்தக்கது. மரணம் இரண்டனுள் ஒன்றாதல் வேண்டுமென்றார். கனவுமில்லாத உறக்கமாயின், அத்துணை இனிய இரவு பேரரசனுக்கும் வாய்த்தல் அரிது. வேறோரிடத்துக்குச் செல்லும் பயணமாயின், ஓமர் முதலிய பழம்புலவரைக் கண்டு அளவளாவலாம். அங்குள்ளாரையும் வினாவி ஆராயலாம். அதற்காக அங்கே எவரும் கொலைத்தண்டம் விதியார். இவ்விரண்டில் எது மெய்யென்று அவர் அன்று துணிந்து கூறிற்றிலர்.

அப்பொல்லோ தேவனுக்குரிய தேலோசுத் தீவுக்கு நகரத்தார் விடுத்த கப்பல் மீளுமளவும் எவரையுங் கொல்லலாகாது என்பது அந்நாட்டு விதி. ஆகவே முப்பது நாள் சிறையிருந்தார். தப்பிச்செல்லும் வழியைக் கிரித்தோ என்னும் நண்பர் அமைத்தும், நகரச் சட்டத்தை மீற இசைந்திலர்.

கப்பல் மீண்டது. இறுதிநாட் காலையிலே மாணாக்கர் திரண்டனர். பிளேற்றோ நோயுற்றிருந்தமையின் வந்திலர். உடனிருந்த பீதோ உரைத்ததாகவே அந்நாளின் வரலாற்றை அவர் எழுதினார். அதிலுள்ள வாதங்களுள் ஆசிரியர்க்குரியன எவை, மாணாக்கர்க்குரியன எவை என்பது அறிஞரிடை இன்றும் ஆராய்ச்சிக்குரியது. எமக்கு வாதங்களினும் மேலாகத் தோன்றுவது அவை நடந்த முறையே.

உயிர் அழியாதென்று சோக்கிரதீசர் காரணங்காட்டினார். சிம்மியரும் கேபேசரும் தமக்குள் மெல்லப் பேசிக்கொண்டனர். மாலையில் இறக்கவிருப்பவரின் நம்பிக்கையைக் குலைத்தல் தகுமோ என்று கூசினர். அவரோ அவர்களை வற்புறுத்திப் பேசச்செய்தார். யாழ் உடைந்தபின் அதன் இசை எங்கேயுளது, உயிரும் உடலின் இசைவே ஆகலாகாதோ என்றார் சிம்மியர். நெசவாளன் பல ஆடைகளை நெய்து உடுத்துக் கழித்தும் கடைசி ஆடை அவனுக்குப்பின் எஞ்சுகின்றதே, உயிரும் பல உடல்களைக் கழித்தபின் ஒருநாள் தானும் அழியாதோ என்றார் கேபேசர். கேட்டிருந்தோர் மனங்கலங்கினர். மாணாக்கன் மறுக்கும்போது முகங்கோணாதிருத்தல் அமைதியான நாளிலேயே ஆசிரியர்க்கு அரிது. இவரோ நஞ்சுக்குச் சில நாழிகைமுன் அவ்வினாக்களை மகிழ்ந்து கேட்டார். அருகிருந்த பீதோவின் கூந்தலைத் தடவி, நாளை துக்கத்திற்காக இதனைக் களையப்போகின்றாய், நமது வாதம் மாண்டு அதனை உயிர்ப்பிக்க இயலாதாயின் இருவரும் இன்றே களைதல் வேண்டும் என்று நகையாடினார். தம்மைச் சில வாதங்கள் ஏமாற்றினமையால் ஆராய்ச்சியையே வெறுத்துவிடுதல் பெருங்கேடென்றும் எச்சரித்தார். பின்னரே இருவர்க்கும் நிரலே விடையிறுத்தார்.

மறுமையுலகின் ஒளிபொருந்திய நிலங்களையும், தீவினையாளர் புகும் நெருப்பாற்றையும் விரித்துரைத்தார். உரைத்து முடித்தபின், இஃது இவ்வாறேயென்று அறிவுடையான் சாதித்தலாகாது, எனினும் இத்தகையதென நம்பித் துணிதல் தகும் என்றார். அளவறிந்த சொல் அது.

பிணத்தை நீராட்டும் வேலை பெண்டிர்க்கு வேண்டாவென்று தாமே நீராடினார். எவ்வாறு அடக்கஞ்செய்வோம் என்று கிரித்தோ வினாவ, என்னைப் பிடிக்க உங்களால் முடியுமாயின் விருப்பம்போலச் செய்யுங்கள் என்று புன்னகைத்தார். புதல்வர் மூவரையும் வீட்டுப் பெண்டிரையும் கண்டு பேசி அனுப்பினார். சிறைக்காவலன் விடைபெறும்போது அழுதான். கதிரவன் இன்னும் மலைமேலுளது, விரையற்க என்று கிரித்தோ வேண்டவும், சிறிது நேரத்தைப் பேணுதல் நகைப்புக்கிடமாகுமென மறுத்து, தேவரை வேண்டி நஞ்சைப் பருகினார். சூழ்ந்தோர் கதறினர், இதற்காகவன்றோ பெண்டிரை அனுப்பினேன் என்று அடக்கினார்.

கால் கனக்குமளவும் உலாவி, பின் படுத்து முகத்தை மூடிக்கொண்டார். குளிர்ச்சி வயிற்றளவும் ஏறியபோது முகத்திரையை நீக்கி, வைத்தியத் தெய்வமாகிய அசுக்கிலேப்பியர்க்கு ஒரு சேவல் கடனென்றும், அதனை மறவாது செலுத்துகவென்றும் கிரித்தோவிடங் கூறினார். வாழ்வென்னும் நோய் தீர்ந்தமைக்குக் காணிக்கை அது என்பார் பலர். வேறு கருத்துடையாரும் உளர். வேறேதேனும் உண்டோ என்று கிரித்தோ வினாவினார். விடை வந்திலது. சிறிதுபோதில் உடல் அசைந்தது. நஞ்சு கொடுத்தவன் திரையை விலக்கினான். கிரித்தோ அவருடைய வாயையும் கண்களையும் மூடினார்.